சிவப்பு மை, கருப்பு மை

சீன மூலிகை நூல்கள் என்று பேச்செடுத்தாலே எல்லோரும் மூலிகை அறிஞர் லி ஷிசெனிடம் போய் நின்றுவிடுகிறார்கள். பெரிய மனிதர்தான், மறுக்கவில்லை. 1578இல் அவர் முடித்த 'பென்சாவ் காங்மு'வில் 1892 மருந்துச் சரக்குகள், நீர், நெருப்பு, மண் என்று தொடங்கி மனிதனில் வந்து முடியும் 16 பிரிவுகள். ஆனாலும் நான் கொண்டாடுவது அவருக்கு ஆயிரம் ஆண்டு முந்தைய இன்னொரு மூலிகை அறிஞர் தாவ் ஹோங்ஜிங்கை.

சீனப் புராண மன்னர் ஷென்னோங்கின் பெயரில் ஹான் வம்ச காலத்தில் தொகுக்கப்பட்ட மூலிகை நூல் ஒன்று தாவுக்கு முன்பே இருந்தது. நாளுக்கு ஒன்றாக 365 சரக்குகள். மேல், நடு, கீழ் என்று மூன்று தரம். ஆயுளை வளர்ப்பவை மேலே, நோயை விரட்டும் கடுமையானவை கீழே. இந்தத் தரம் பிரித்தலை என்னால் ஏற்கவே முடியவில்லை. மேல்தரத்தில் முதலில் நிற்பது சாதிலிங்கம், பாதரசக் கல்! மலேரியா மருந்தைத் தந்து, 2015இல் து யூயூவுக்கு நோபல் பரிசும் வாங்கித் தந்த சிங்ஹாவ் செடியோ கீழ்த்தரத்தில் கிடக்கிறது.

கி.பி. 500 வாக்கில், நான்ஜிங் அருகே மாவ்ஷான் மலையில் இருந்த தாவ், இன்னொரு 365 சரக்குகளைச் சேர்த்து 730 ஆக்கினார். கல், செடி மரம், விலங்கு, பழம், காய்கறி, தானியம் என்று பிறப்பிடத்தை வைத்துப் பிரித்தார். அதைவிடப் பெரிய காரியம் ஒன்றும் செய்தார்: பழைய நூலின் வரிகளைச் சிவப்பு மையிலும் பின்னால் சேர்ந்தவற்றைக் கருப்பு மையிலும் எழுதினார். 10ஆம் நூற்றாண்டில் சோங் அரசு மூலிகை நூலை அச்சிட்டபோது, சிவப்புக்குப் பதிலாகக் கருப்புக் கட்டத்தில் வெள்ளை எழுத்து வந்தது. ஷென்னோங் பெயரிலான அந்த மூல நூல் எப்போதோ தொலைந்துவிட்டது. பிற்காலச் சீன, ஜப்பானிய அறிஞர்கள் அந்த வெள்ளை எழுத்துகளைப் பொறுக்கிச் சேர்த்துத்தான் அதை மீட்டார்கள். இன்று 'பழமையான சீன வைத்தியம்' என்று பகிரப்படும் குறிப்புகளில் எது பழைய வரி, எது நேற்று யாரோ ஒட்டியது என்று தெரியாமல் தவிக்கும்போதெல்லாம் அந்த இரண்டு மைகளை நினைத்துக்கொள்கிறேன்.

அப்புறம், அவருடைய ஏழாவது பிரிவு. 'பெயர் உண்டு, பயன்பாட்டில் இல்லை' என்பது அதன் தலைப்பு. வழக்கொழிந்துபோன சரக்குகளைத் தூக்கி எறியவும் இல்லை, இல்லாத பெருமையை அவற்றுக்கு ஏற்றவும் இல்லை. தனியாக எடுத்து வைத்தார். என்னைப் பொறுத்தவரை இரண்டாயிரம் ஆண்டு மூலிகை வகைப்பாட்டில் இதைவிட நேர்மையான பிரிவு கிடையாது. 659இல் தாங் அரசு சு ஜிங் தலைமையில் புது நூல் தொகுத்தபோது பிரிவுகள் ஒன்பதாகின. அந்தப் புது நூலின் முதன்மைப் பகுதி 20 சுருள்கள். கடைசிச் சுருள் முழுவதையும் அந்த வழக்கொழிந்த பெயர்களுக்கே ஒதுக்கிவைத்தார்கள்.