மெட்ராஸ் ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச மூடினது சரிதான், ஆனா மூடின விதம்?

மெட்ராஸ் ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச கம்ப்யூட்டர்தான் கொன்னுச்சுன்னு சொல்றவங்கள பாத்தா எனக்கு சிரிப்பு வருது. 1920ல ஆரம்பிச்சு, சீக்கிரமே படுத்து, 1937ல மறுபடி எழுந்து செகண்ட் லைன் பீச்சுல கட்டடம் கட்டி உக்காந்தது, 1994ல என்எஸ்இயோட (தேசியப் பங்குச் சந்தை) கம்ப்யூட்டர் ஸ்க்ரீன் யாவாரம் வந்ததுமே ஆடிப் போச்சுன்னா உள்ள ஏற்கெனவே ஏதோ உளுத்துப் போயிருக்கணும்ல.

அந்தக் காலத்து ரூல் அப்படி. ரெஜிஸ்டர்டு ஆபீஸ் எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்து எக்ஸ்சேஞ்ச்ல கம்பெனி கட்டாயம் லிஸ்ட் ஆகணும், அதாவது ஷேர யாவாரத்துக்குப் பதிஞ்சு வெக்கணும். நம்ம ஓசூர் சிப்காட்டுக்கு பெங்களூர் கூப்பிடு தூரம், அங்கயும் 1963ல இருந்து ஒரு எக்ஸ்சேஞ்ச் இருந்துச்சு, ஆனா தமிழ்நாட்டு கம்பெனின்னா பெரும்பாலும் மெட்ராஸ்தான். யாவாரம் நடக்குதோ இல்லையோ லிஸ்டிங் பீஸ் வந்துட்டே இருக்கும், நடத்துறவங்களும் புரோக்கருங்களே, அப்புறம் யாரு மெனக்கெடுவா? 2003ல அந்தக் கட்டாயம் போச்சு, பெரிய கம்பெனிங்க வரிசையா கழண்டுக்கிச்சு. அதுக்கு முன்னாடியே 2001ல பத்லாவயும் (முழுப் பணம் கட்டாம கணக்க அடுத்த தவணைக்குத் தள்ளிப் போடுற யாவாரம்) தடை பண்ணியாச்சு. கடைசில வயித்துப்பாட்டுக்கு ஒரு துணை கம்பெனி வெச்சு என்எஸ்இக்கே புரோக்கரா போனாங்க பாருங்க, அதவிட கொடுமை உண்டா! 2012ல செபி (பங்குச் சந்தைய கண்காணிக்கிற அமைப்பு) வருஷத்துக்கு 1000 கோடி யாவாரம் காட்டு, இல்லன்னா கிளம்புன்னுச்சு. பெங்களூர் 2014 டிசம்பர்ல, மெட்ராஸ் 2015 மே மாசம் கிளம்புச்சு.

அதுக்கெல்லாம் நான் அழல. என் கோபம் வேற.

90கள்ல ஐபிஓ (கம்பெனி மொத தடவையா ஜனங்களுக்கு ஷேர் விக்கிறது) பைத்தியம் புடிச்சப்ப கிரானைட்டு, இறால் பண்ணை, பைனான்ஸ்னு பத்து ரூபா ஷேர் ஊரெல்லாம் வித்தாங்க. கிரானைட்டுன்னதும் கிருஷ்ணகிரி தருமபுரில கேக்கணுமா, வாத்தியாரு, மளிகைக் கடைக்காரரு, ரிட்டயர்டு ஆனவங்கன்னு எல்லாரும் போட்டாங்க. அதுல சில கம்பெனி பாம்பே எக்ஸ்சேஞ்ச்லயும் இல்ல என்எஸ்இலயும் இல்ல, ஏதோ ஒரு லோக்கல் எக்ஸ்சேஞ்ச்ல மட்டும்தான். எக்ஸ்சேஞ்ச் போனதும் அதையெல்லாம் டிசெமினேஷன் போர்டுன்னு, விக்க வாங்க விருப்பத்த மட்டும் போட்டு வெக்கிற ஒரு பலகைல தள்ளிட்டாங்க. விக்கிறவன் இருப்பான், வாங்குறவன் வரணுமே? அப்புறமா புரோமோட்டரு (கம்பெனிய ஆரம்பிச்சு நடத்துறவரு) பணம் குடுத்து ஷேர திருப்பி எடுத்துக்கணும்னு செபி சொல்லுச்சு, சரி, ஆளே இல்லாத ஆபீஸ்ல போய் யாருகிட்ட கேக்குறது?

2012ல எக்ஸ்சேஞ்ச் கிளம்புறதுக்கு எக்சிட் பாலிசி எழுதினப்பவே இந்த ஷேர வாங்கி மாட்டிக்கிட்டவங்களுக்கும் சேத்து எழுதியிருக்கணும், அதான் நான் சொல்றது.

அப்பா தாத்தா பேர்ல பழைய ஷேர் சர்டிபிகேட் வீட்டுல இருந்தா மொதல்ல அந்தக் கம்பெனி இன்னும் உசுரோட இருக்குதான்னு பாருங்க. 2019 ஏப்ரல்ல இருந்து பேப்பரா வெச்சுட்டு விக்க முடியாது, டீமேட் (கம்ப்யூட்டர் கணக்குக்கு மாத்துறது) பண்ணியே ஆகணும். தொடர்ந்து ஏழு வருஷம் டிவிடெண்ட் வாங்காம விட்டிருந்தா ஷேரே ஐஇபிஎஃப்புக்கு (கேக்காம கெடக்குற டிவிடெண்ட், ஷேர வெச்சிருக்கிற அரசு நிதி) போயிருக்கும், கிளெய்ம் பண்ணலாம், ஆனா வாரிசு சான்றிதழுக்கு தாலுகா ஆபீஸ் நடையையும் கணக்குல வெச்சுக்கோங்க.