அங்கே யார் கால்பந்து பார்க்கிறார்கள்?

கால்பந்து பற்றிப் பேச்செடுத்தாலே யாராவது குறுக்கே புகுந்து, "அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் அதை யார் சீண்டுகிறார்கள்?" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். எரிச்சலாக வருகிறது. ஒரு நாட்டில் வேறொரு விளையாட்டு முதலிடத்தில் இருந்தால் மற்றதற்கு ரசிகர்களே இல்லை என்று அர்த்தமா?

1994 உலகக் கோப்பை அமெரிக்காவில்தான் நடந்தது. 52 ஆட்டங்கள், அரங்குகளுக்கு வந்தவர்கள் 35 லட்சத்துக்கும் மேல். அப்புறம் 2022 வரை ஒவ்வொரு முறையும் 64 ஆட்டங்கள் ஆடியும் எந்த உலகக் கோப்பையும் அந்தக் கூட்டத்தை எட்டவில்லை. இத்தனைக்கும் அமெரிக்காவின் தொழில்முறை கால்பந்துத் தொடரான மேஜர் லீக் சாக்கர் தொடங்கியதே 1996இல்தான்! ஆஸ்திரேலியாவில் 2023 மகளிர் உலகக் கோப்பை அரையிறுதியை ஒரு கோடிக்கும் அதிகமானோர் தொலைக்காட்சியில் பார்த்தார்கள்.

சரி, இந்தியாவுக்கு வருவோம். 1951, 1962 ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் தங்கம் வென்ற அணி இது. 2018இல் மும்பையில் சீன தைபேயை (அதாவது தைவான் அணியை) 5-0 என்று வென்றபோது அரங்கில் இருந்தவர்கள் 2,569 பேர். வென்ற அணியின் தலைவர் சுனில் சேத்ரி வீடியோவில் வந்து, "எங்களைத் திட்டவாவது அரங்குக்கு வாருங்கள்" என்று கேட்க வேண்டியிருந்தது. மனசு ஆறவே இல்லை. ஆனால் கென்யாவுடனான அடுத்த ஆட்டத்துக்கு டிக்கெட் அத்தனையும் விற்றுத் தீர்ந்தது. கொட்டும் மழையிலும் கூட்டம் உட்கார்ந்திருந்தது. ஆர்வம் இல்லை என்று இனியும் யார் சொன்னாலும் நான் ஒத்துக்கொள்ளப் போவதில்லை.