பிரேக்கில் இன்ஜின் ஆயில் ஊற்றலாமா? கூடவே கூடாது

"பழைய அம்பாசிடர், ஜீப்புக்கு பிரேக் சரியில்லையா? பிரேக் ஆயிலோடு கொஞ்சம் இன்ஜின் ஆயில் ஊற்றுங்கள், கப்பென்று பிடிக்கும்" என்று ஒரு செய்தி மன்னார்குடி, திருவாரூர்ப் பக்கம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு, உயிருக்கே ஆபத்தான தவறு.

இந்த வண்டிகளுக்கு ஊற்றும் டாட் 3, டாட் 4 ரகப் பிரேக் ஆயில் கிளைக்கால் (glycol) வகை, பெட்ரோலிய எண்ணெய் அல்ல. பெடலை மிதித்ததும் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர், சக்கரத்தில் பிரேக்கை அழுத்தும் வீல் சிலிண்டர் இரண்டிலும் உள்ள ரப்பர்கள் அதற்கேற்பச் செய்தவை. இன்ஜின் ஆயில் போன்ற பெட்ரோலிய எண்ணெய் பட்டால் அவை ஊதிவிடும். பிரேக் பிடித்தபடியே இறுகும், இல்லையென்றால் ஒழுகி ஒரேயடியாகக் கைவிடும். ஏற்கெனவே ஊற்றியவர்கள் தயவுசெய்து வண்டியை எடுக்காதீர்கள். லைன் முழுவதையும் கழுவி, ரப்பர் எல்லாவற்றையும் மாற்றியாக வேண்டும்.

கோளாறைப் பெடலே சொல்லிவிடும். இரண்டு மூன்று தரம் மிதித்ததும் மேலே வந்தால், பெரும்பாலும் டிரம்மை (சக்கரத்தோடு சுழலும் உருளை) உள்ளிருந்து அழுத்தும் ஷூ தேய்ந்து, இரண்டுக்கும் இடைவெளி கூடியிருக்கும். ஷூவின் மேல் ஒட்டிய லைனிங் மிச்சமிருந்தால் அட்ஜஸ்ட் செய்தாலே போதும். பஞ்சுபோல அமுங்கினால் லைனில் காற்று. கெட்டியாக இருந்தும் வண்டி நிற்கவில்லையா? டிரம்மைக் கழற்றிப் பாருங்கள். வீல் சிலிண்டர் கசிந்து லைனிங் நனைந்திருக்கலாம். எண்ணெய் குடித்த லைனிங்கைக் கழுவிப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் நிற்கும் சாலையைக் கடந்த பிறகு பிடிக்காமல் போவது வேறு. மெதுவாக ஓட்டியபடி பெடலை லேசாக அழுத்திவந்தால் காய்ந்துவிடும்.