பரிசேயர் என்பது வசவுச் சொல் அல்ல

போன வாரம் ஒரு வீட்டு விசேஷத்தில், எதற்கெடுத்தாலும் சட்டம் பேசும் ஒருவரைப் பற்றி உறவினர் ஒருவர் "சரியான பரிசேயன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் அது உறுத்திக்கொண்டே இருந்தது. ஞாயிறு பள்ளியில் வளர்ந்த நானும் ஒரு காலத்தில் அந்தச் சொல்லை அப்படித்தான் பயன்படுத்தினேன்.

பரிசேயர்கள் யார்? இயேசு காலத்தில், மதச் சட்டத்தைக் கவனமாகக் கடைப்பிடித்த ஒரு யூதப் பிரிவினர். சுவிசேஷங்களில் இயேசுவோடு வாதம் செய்பவர்களாக வருவதால்தான் அந்தப் பெயர் நம்மிடம் வசவாகிவிட்டது. கி.பி. 70-இல் ரோமர்கள் எருசலேம் ஆலயத்தை இடித்தார்கள். பலிபீடம் போயிற்று, ஆசாரியர்களுக்கு வேலை இல்லாமல் போயிற்று. அதற்குப் பிறகும் யூத மார்க்கம் அழியாமல் நின்றதென்றால், பரிசேயர் வழியில் வந்த ரபிகள், அதாவது யூத மத ஆசான்கள்தான் காரணம். ஜெபம், படிப்பு, வீட்டுச் சாப்பாட்டு மேசை இவற்றைக் கொண்டே அவர்கள் வழிபாட்டைத் தொடர்ந்தார்கள். எழுதப்பட்ட தோராவோடு, அதாவது மோசேயின் ஐந்து நூல்களோடு, வாய்வழியாக வந்த போதனையும் உண்டு என்பது அவர்கள் நம்பிக்கை. அந்த வாய்வழிப் போதனை கி.பி. 200 வாக்கில் மிஷ்னாவாகத் தொகுக்கப்பட்டது. அதன் மேல் தலைமுறை தலைமுறையாக நடந்த விவாதம்தான் தல்மூத். விவாதத்தில் தோற்றவர் கருத்தையும் அழிக்காமல் பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். எனக்கு அந்த நூலின் மேல் மரியாதை வந்ததே இதனால்தான்.

சரி, ஓய்வுநாளுக்கு வருகிறேன். அவர்கள் மேல் கிறிஸ்தவர்களாகிய நாம் அதிகம் குற்றம் சொல்வது அதில்தானே.

ஷபாத் என்கிற யூத ஓய்வுநாள் வெள்ளிக்கிழமை சூரியன் மறைவதோடு தொடங்கும். மறைய 18 நிமிடம் இருக்கும்போதே பல வீடுகளில் மெழுகுவர்த்தி ஏற்றிவிடுவார்கள். திராட்சை ரசக் கிண்ணத்தை ஏந்தி கித்தூஷ் என்ற ஆசீர்வாத ஜெபத்தைச் சொல்வார்கள். மேசையில் ஹல்லா ரொட்டி இரண்டு இருக்கும். எகிப்தை விட்டு வந்த இஸ்ரவேலருக்கு வனாந்தரத்தில் கடவுள் கொடுத்த மன்னா என்ற உணவு ஆறாம் நாளில் இரட்டிப்பாகக் கிடைத்ததன் நினைவு அது. சனிக்கிழமை இரவு மூன்று நட்சத்திரம் தெரியும்வரை 39 வகை வேலைகள் கூடாது. உழுவது, விதைப்பது, நெய்வது, எழுதுவது, தீ மூட்டுவது, அணைப்பது என்று மிஷ்னா வரிசையாகச் சொல்கிறது. அதனால்தான் இன்றும் மரபு வழுவாத வீடுகளில் மின்விளக்குச் சுவிட்சைத் தொடமாட்டார்கள். சாப்பாட்டுக்கு வெள்ளி மாலையே சோலண்ட் என்ற குழம்பை மெல்லிய சூட்டில் வைத்துவிடுவார்கள்.

வெளியே இருந்து பார்த்தால் இதெல்லாம் கெடுபிடிதான். ஆனால் பைபிளின் உபாகமம் என்ற புத்தகத்தில் இந்தக் கட்டளைக்கு என்ன காரணம் சொல்லியிருக்கிறது? நீ எகிப்தில் அடிமையாயிருந்தாய், அதனால் உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப்போல இளைப்பாறட்டும் என்று. மாட்டுக்கும் கழுதைக்கும்கூட அன்று ஓய்வு. அடிமையாக இருந்து மீண்டவன் தன் வீட்டு வேலையாளுக்கு விடுப்புக் கொடுக்கிற சட்டத்தைக் கெடுபிடி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இன்னொன்று. கி.மு. 2-ஆம் நூற்றாண்டில் யூத வழிபாட்டைத் தடை செய்த அந்தியோகஸ் மன்னன் காலத்தில், அவன் படைக்குப் பயந்து பாலைவனக் குகைகளில் ஒளிந்திருந்த யூதர்கள் ஓய்வுநாளில் சண்டையிட மறுத்தார்கள். ஏறக்குறைய 1000 பேர் செத்தார்கள் என்று அந்தக் காலப் போராட்டத்தைச் சொல்லும் மக்கபேயர் முதல் புத்தகம் சொல்கிறது. அந்தச் சாவைக் கேட்ட, மன்னனை எதிர்த்துக் கிளம்பிய ஆசாரியர் மத்தத்தியாவும் அவரோடு இருந்தவர்களும், இனி ஓய்வுநாளில் தாக்கினாலும் எதிர்த்து நிற்போம் என்று தீர்மானித்தார்கள். பின்னால் வந்த ரபிகள் இதை இன்னும் விரித்தார்கள். சுவர் இடிந்து விழுந்துவிட்டது. அடியில் ஆள் இருக்கிறாரா இல்லையா, உயிர் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம். சந்தேகமே போதும், ஓய்வுநாளிலும் தோண்டு என்கிறது மிஷ்னா. உயிரைக் காப்பதற்காக ஓய்வுநாளை மீறுவதற்குப் பிக்குவாக் நெஃபெஷ் என்று பெயர். "ஓய்வுநாள் உங்கள் கையில் ஒப்படைக்கப்பட்டது, நீங்கள் அதன் கையில் ஒப்படைக்கப்படவில்லை" என்று ஒரு ரபி சொன்னதும் தல்மூதில் இருக்கிறது.

மாற்கு சுவிசேஷத்தில் இயேசு சொன்னது நினைவுக்கு வருகிறதா? ஓய்வுநாள் மனுஷனுக்காக உண்டாக்கப்பட்டது என்றார். அவரும் அந்த மக்களில் ஒருவராக, அவர்களுடைய வாதத்துக்குள் நின்றுதான் அதைப் பேசினார்.

ஞாயிறு பள்ளி ஆசிரியர்கள் யாராவது இதைப் படித்தால், அடுத்த முறை பரிசேயர் கதை சொல்லும்போது அந்த இடிந்த சுவரையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அந்த உறவினரிடம் நான் இன்னும் பேசவில்லை. இந்த ஞாயிறு பேசப் போகிறேன்.