ஸ்லேவியாவை நான் ஏன் இறக்கப் போவதில்லை

நான் ஸ்கோடா ஸ்லேவியா 1.5 மேனுவல் வைத்திருப்பது தெரிந்த தம்பிகள் எல்லாரும் கேட்பது ஒன்றைத்தான்: "ஏனுங்ணா, வண்டிய எப்போ எறக்கறீங்க?" குட்டையான ஸ்பிரிங் போட்டு வண்டியின் உயரத்தைக் குறைப்பதைத்தான் இறக்குவது என்கிறார்கள். இறக்கப் போவதில்லை. காரணத்தை ஒவ்வொருவரிடமும் டீக்கடையில் பாதியும் போனில் மீதியுமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதனால் இங்கேயே முழுசாக எழுதிவிடுகிறேன்.

கேட்பவர்களின் ஆசையை நான் குறை சொல்ல மாட்டேன். 1.5 லிட்டர் டர்போ, 150 பி.எஸ்., 1600 ஆர்.பி.எம்.மிலேயே கிடைக்கும் 250 நியூட்டன் மீட்டர் டார்க் (சக்கரத்தைத் திருப்பும் விசை), கூடவே ஆறு கியர் மேனுவல். நம் ஊரில் இந்த ஜோடி கிடைக்கும் செடான்கள் மிகச் சில. விர்டஸ் ஜி.டி., வெர்னா டர்போ என்று சொல்லி முடித்துவிடலாம். ஊரே உயரமான வண்டிக்கும் ஆட்டோமேட்டிக்குக்கும் போய்க்கொண்டிருக்கும்போது, கிளட்சை மிதித்து கியர் போட வேண்டும் என்றே ஒருவர் இப்படி ஒரு வண்டியைத் தேடி வாங்குகிறார். அவருக்கு அது நிற்கிற தோரணையும் முக்கியம்தான். 179 மில்லிமீட்டர் கிரவுண்ட் கிளியரன்ஸ் (தரைக்கும் வண்டியின் அடிப்பக்கத்துக்கும் உள்ள இடைவெளி) வைத்து இந்தியாவுக்கென்று செய்த வண்டி இது. டயருக்கும் அதற்கு மேலே வளைந்திருக்கும் ஃபெண்டருக்கும் நடுவில் தெரியும் அந்தச் சந்து எனக்கும் பிடிக்கவில்லை. பக்கவாட்டில் நின்று பார்க்கும்போதெல்லாம் ஒரு 30 மில்லிமீட்டர் கீழே இருந்தால் எவ்வளவு அழகாக இருக்கும் என்று தோன்றும். அழகுக்காக இறக்குகிறேன் என்று ஒருவர் சொன்னால் அதில் எனக்குச் சண்டையே இல்லை.

"இறக்கினால் வண்டி ரோட்டைப் பிடிக்கும்" என்ற பேச்சைத்தான் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

அதில் பாதி உண்மை இருக்கிறது. இப்படிப்பட்ட காரின் எடை மையம் தரையிலிருந்து அரை மீட்டருக்குச் சற்று மேலே இருக்கும். 55 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 3 சென்டிமீட்டர் இறக்கினால் வளைவில் உள்பக்க டயரிலிருந்து வெளிப்பக்க டயருக்குப் போகும் எடை ஐந்தரை சதவீதம் குறையும். லாபம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த லாபத்துக்கு என்ன கொடுக்கிறோம்?

சக்கரம் மேலே ஏறுவதற்கான இடத்தைக் கொடுக்கிறோம். குழியோ மேடோ வரும்போது சக்கரம் மேலே எழும்ப வேண்டும். அந்தத் தூரம் தீர்ந்தால் சஸ்பென்ஷன், பம்ப் ஸ்டாப் என்கிற கடைசித் தடுப்பில் போய் இடிக்கும். அந்த நொடியில் வண்டிக்கு ஸ்பிரிங்கே இல்லாத மாதிரி ஆகிவிடும், டயர் ரோட்டை விட்டுத் துள்ளும். ஸ்டாக் வண்டியில், அதாவது கம்பெனி கொடுத்தபடியே இருக்கும் வண்டியில், மேலே ஏற 8 சென்டிமீட்டர் இருக்கிறது, 4 சென்டிமீட்டர் இறக்குகிறோம் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். மிச்சம் பாதி. அதே அடியைப் பாதித் தூரத்தில் ஸ்பிரிங் தனியாகத் தாங்க வேண்டுமானால் அது நான்கு மடங்கு கெட்டியாக இருக்க வேண்டும். தூரத்தின் வர்க்கத்தில் வேலை செய்கிற கணக்கு அது. வீட்டு வண்டிக்கு யாரும் அவ்வளவு கெட்டியான ஸ்பிரிங் விற்க மாட்டார்கள், விற்றாலும் உட்கார்ந்து ஓட்ட முடியாது. ஆக, இறக்கிய வண்டி முன்னைவிட அடிக்கடி பம்ப் ஸ்டாப்பைத் தொடும். வழவழப்பான ரேஸ் டிராக்கில் இது பெரிய தொல்லை இல்லை. வளைவின் நடுவிலேயே ஒட்டுப்போட்ட தார் இருக்கும் மலைப்பாதையில், ஸ்டியரிங் திருப்பிய நிலையில் முன்சக்கரம் துள்ளினால் வண்டி வெளிப்பக்கமாகப் போகும்.

இன்னொன்றைப் பலர் யோசிப்பதில்லை. ஸ்லேவியாவின் முன்சக்கரங்களுக்கு மெக்ஃபர்சன் ஸ்ட்ரட், அதாவது ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே தூணாக நிற்கும் சஸ்பென்ஷன். இதில் பாடி கீழே வரும்போது, சக்கரத்தைக் கீழே பாடியோடு இணைக்கும் லோயர் ஆர்மின் சக்கரப் பக்கம் மேல்நோக்கிச் சாய்கிறது. அதனால் வளைவில் பாடி எதைச் சுற்றிச் சாய்கிறதோ அந்த ரோல் சென்டர் என்கிற புள்ளி, பாடி இறங்குவதைவிட வேகமாகக் கீழே போய்விடும். வண்டியைச் சாய்க்கும் நெம்புகோலின் நீளமே எடை மையத்துக்கும் அந்தப் புள்ளிக்கும் உள்ள தூரம்தான். அது கூடுகிறது. சாய்வு குறையட்டும் என்று இறக்கினோம், சாய்க்கிற நெம்புகோல் நீண்டுவிட்டது! கெட்டி ஸ்பிரிங் அதைச் சமாளிப்பதால் வெளியே தெரியாமல் போகிறது. போட்டிக்கு வண்டி தயார் செய்பவர்கள் ஆர்மைச் சக்கரப் பக்கம் இணைக்கும் பால் ஜாயின்டை நீளமானதாகப் போட்டு அந்த ஆர்மை மறுபடி நேராக்குவது இதனால்தான். நம் ஊர்க் கடைகளில் இறக்கும் வண்டிகளில் எத்தனை பேர் அதுவரை போகிறார்கள்?

அடுத்து ஸ்பீட் பிரேக்கர். இந்தியச் சாலைக் காங்கிரஸின் ஐ.ஆர்.சி. 99 விதிப்படி வட்டமான வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம், 17 மீட்டர் ஆரம் கொண்டதாக இருக்க வேண்டும். ஸ்லேவியாவின் வீல்பேஸ், அதாவது முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் உள்ள தூரம், 2651 மில்லிமீட்டர். அந்த மேட்டின் உச்சியில் நான்கு சக்கரமும் ஏறி நிற்கும்போது, வண்டியின் வயிற்றுக்குக் கீழே சக்கரங்கள் நிற்கும் மட்டத்துக்கு மேல் துருத்துவது வெறும் 5 சென்டிமீட்டர்தான். நானே உட்கார்ந்து போட்ட கணக்கு இது. எல்லா வேகத்தடையும் இப்படி இருந்தால் நானும் இறக்கியிருப்பேன்.

நம் தெருக்களில் இருப்பது அதுவா? ஒரு விபத்து நடந்ததும் ராத்திரியோடு ராத்திரியாக ஊர்க்காரர்கள் கொட்டும் அரை மீட்டர் அகலக் கான்கிரீட் திட்டு. பெயின்ட் இல்லை, போர்டு இல்லை, 15 சென்டிமீட்டர் உயரம். முன்சக்கரம் தாண்டி இறங்கிய பிறகு அந்த 15 சென்டிமீட்டரும் அப்படியே வயிற்றுக்குக் கீழே நிற்கும். 40 மில்லிமீட்டர் இறக்கினால் 179 போய் 139 ஆகிவிடும். ஆள் ஏறாமலேயே இடிக்கிறது. பின்சீட்டில் அம்மா, அப்பா, குழந்தை, டிக்கியில் பழனிக்கோ ஊட்டிக்கோ போகும் பைகள் என்று ஏறினால் அதிலும் இன்னும் சில சென்டிமீட்டர் போய்விடும். இன்ஜினுக்கு அடியில் இருப்பது ஆயில் சம்ப், இன்ஜின் ஆயில் நிற்கும் தொட்டி. நடுராத்திரியில் தாராபுரம் ரோட்டில் சம்ப் உடைந்து ஆயில் முழுக்கக் கொட்டினால் அழகைப் பற்றிப் பேச யாருக்கும் வாய் வராது.

இதை எழுத உட்கார்ந்ததே அடுத்து சொல்லப்போகும் விஷயத்துக்காகத்தான். தயவுசெய்து ஸ்பிரிங்கை வெட்டாதீர்கள். கிரைண்டரை வைத்து ஒன்றரைச் சுற்றை வெட்டி, "இவ்வளவுதாங்க, சல்லிசா முடிஞ்சுது" என்று கொடுத்துவிடுகிறார்கள். ஸ்பிரிங்கின் முனை அதன் இருக்கையில் சரியாக உட்காரும்படி செய்யப்பட்டது. வெட்டிய முனை அப்படி உட்காராது. வண்டி ஒரு மேட்டைத் தாண்டி சக்கரம் முழுசாகத் தொங்கும்போது குட்டையான ஸ்பிரிங் இருக்கையைவிட்டு விலகும், கோணலாகத் திரும்பி உட்காரும். பழைய ஷாக் அப்சார்பரும் அந்தக் குட்டை உயரத்துக்கென்று செய்ததல்ல. பில்ஸ்டைன் மாதிரி ஷாக் அப்சார்பர் செய்பவர்கள் ஸ்டாக் உயரத்துக்கு பி6 என்றும் இறக்கிய ஸ்பிரிங்குக்கு பி8 என்றும் இரண்டு வகை செய்வது விளம்பரத்துக்காக இல்லை, உள்ளே இருக்கும் தண்டின் நீளமே வேறு. சில ஆயிரம் ரூபாயை மிச்சம் பிடிக்க வெட்டிய ஸ்பிரிங்கில் ஒரு குடும்பம் உட்கார்ந்து போவதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது, பயமும் வருகிறது.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவுப்படி, ஆர்.சி.யில் இருக்கும் விவரம் தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும் என்று சேர்த்தார்கள். ஸ்பிரிங் உயரம் ஆர்.சி.யில் எங்கே இருக்கிறது என்று வாதாடலாம். விபத்துக்குப் பிறகு இன்சூரன்ஸ் சர்வேயர் முன்னால் அந்த வாதத்தை வைக்கும் நிலைக்குப் போக எனக்கு விருப்பமில்லை.

சரி, அப்படியானால் வண்டியை அப்படியே விட்டுவிடுவதா? இல்லை. பணத்தை டயரில் போட்டேன். ரோட்டைத் தொடுவது அது ஒன்றுதான். அதே 205/55 ஆர்16 அளவிலேயே ஈரத்தில் நன்றாகப் பிடிக்கும் டயர். 17 இஞ்ச் ரிம்முக்கு 205/50 போட்டால் மொத்த விட்டம் கிட்டத்தட்ட மாறாது, பார்க்கவும் அம்சமாக இருக்கும். ஆனால் டயரின் பக்கச் சுவர் 113 மில்லிமீட்டரிலிருந்து 103 ஆகக் குறையும். அந்த ஒரு சென்டிமீட்டர்தான் குழியில் ரிம் வளையாமல் காப்பாற்றுகிறது, அதனால் 16-லேயே இருந்துவிட்டேன். அப்புறம் நல்ல முன் பிரேக் பேட், புது பிரேக் ஃப்ளூயிட். இந்த வண்டிக்குப் பின்னால் டிரம் பிரேக்தான், முக்கால்வாசி வேலையை முன்பக்கமே செய்கிறது. ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளை இறங்கி வரும்போது இந்தச் செலவு ஒவ்வொன்றும் காலில் தெரிகிறது. மேனுவலின் அருமையும் அங்கேதான் தெரியும். இரண்டாவது கியரில் இன்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்துகிறது, ஏறும்போது அதே இரண்டாவதில் 1600-க்கு மேல் டர்போ எழுந்து இழுக்கிறது. டோ அலைன்மென்டை (சக்கரங்கள் நேராகப் பார்க்கின்றனவா என்பதை) நல்ல மெஷினில் சரிபார்த்ததும் ஸ்டியரிங்கில் வந்த தெளிவு, லோயரிங் கிட் விலையில் சின்னப் பங்குகூட ஆகாத செலவில் கிடைத்தது.

இன்ஜின் கம்ப்யூட்டரின் செட்டிங்கை மாற்றிச் சக்தியைக் கூட்டும் ரீமேப்பும் இப்போதைக்கு வேண்டாம் என்று வைத்திருக்கிறேன். டார்க் கூடினால் மேனுவல் வண்டியில் முதலில் கைவிடுவது கிளட்ச். ஆறாவது கியரில் குறைந்த ஆர்.பி.எம்.மில் ஆக்சிலரேட்டரை முழுசாக மிதித்தால் ஆர்.பி.எம். ஏறும், வேகம் ஏறாது. அப்போது கிளட்சையும் மாற்ற வேண்டும். வாரன்டியும் போகும்.

யார் இறக்கலாம்? வீட்டில் குடும்பத்துக்கென்று இன்னொரு வண்டி இருக்கிறது, இதை முக்கியமாகக் கோவை கரி ஸ்பீட்வேயிலோ இருங்காட்டுக்கோட்டையிலோ டிராக் நாளில் ஓட்டுவீர்கள் என்றால் தாராளமாக இறக்குங்கள். அப்போதும் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி செய்த செட்டாக வாங்குங்கள், 15 முதல் 20 மில்லிமீட்டரோடு நிறுத்துங்கள். ஐரோப்பாவின் வழவழ ரோட்டுக்கு ஸ்கோடாவே அங்கே தன் ஸ்காலா காரில் கொடுக்கும் ஸ்போர்ட் சேஸியின் இறக்கம் 15 மில்லிமீட்டர்தான்.

கடையில் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் ஒன்று செய்யுங்கள். வீட்டில் எல்லாரையும் ஏற்றி, டிக்கியையும் நிரப்பி, சமதளத்தில் நிறுத்தி, வண்டிக்கு அடியில் மிகத் தாழ்ந்த இடத்தை டேப் வைத்து அளந்து பாருங்கள். அப்புறம் நீங்கள் தினமும் தாண்டும் மோசமான ஸ்பீட் பிரேக்கரின் உயரத்தையும் அளந்து பாருங்கள். மிச்சம் 4 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் மறுபடி பேசலாம், போன் பண்ணுங்கள்.