மஞ்சள் கலப்பது கண்ணில்தான்

சிவப்பும் பச்சையும் டிவி திரையில் கலந்து மஞ்சள் உண்டாகிறது என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். சின்னத் திருத்தம்: திரையில் எதுவும் கலப்பதில்லை. சிவப்பு, பச்சை, நீலப் புள்ளிகள் தனித்தனியாகத்தான் ஒளிர்கின்றன, தள்ளி இருந்து பார்க்கும் நம் கண்ணால் பிரித்தறிய முடியவில்லை, அவ்வளவுதான்.

தக்கலையில் பல வருடம் டியூப் டிவி ரிப்பேர் பார்த்தவன் நான். திரையில் ஒரு சொட்டுத் தண்ணீர் தெறித்தால் போதும், லென்ஸ் மாதிரி எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்துவிடும். ஏத்தன்பழக் குலை பளபளவென்று மஞ்சளாகத் தெரியும் இடத்தில், சொட்டுக்குள்ளே சிவப்பும் பச்சையும்தான் இருக்கும். நீலம் அணைந்து கிடக்கும். மஞ்சள்? பேருக்குக்கூட இருக்காது.

அப்புறம், ஒன்றை விட்டுவிட்டீர்கள். பழைய டியூபில் மூன்று எலெக்ட்ரான் கற்றைகள். ஒவ்வொன்றும் தன் நிறப் புள்ளியில் மட்டும் விழுவதற்காகத் திரைக்குப் பின்னால் பொடித் துளைகள் போட்ட உலோகத் தகடு ஒன்று உண்டு. பெரிய ஸ்பீக்கரை டிவியோடு ஒட்டி வைத்தால் காந்தத்தில் கற்றை விலகி, செய்தி வாசிப்பவர் கன்னம் பச்சையாகிவிடும். டியூப் போச்சு என்று பதறிப்போய் வருவார்கள். ஸ்பீக்கரைத் தள்ளி வைத்துவிட்டு, தகட்டில் ஏறிய காந்தத்தைப் போக்கும் டீகாஸ் காயில் என்ற கம்பிச்சுருளைத் திரைமுன் வட்டமாகச் சுற்றி, மெல்லப் பின்னுக்கு நகர்ந்து அணைத்தால் சரியாகிவிடும். இரண்டு நிமிட வேலைக்குக் காசு வாங்கக் கூச்சமாக இருக்கும். வாங்கினேன், அது வேறு விஷயம்.