மூணு படியும் பீடித் தட்டும்

மேடைப் பேச்சுல மயங்கித்தான் சனங்க ஓட்டுப் போடுதாங்கன்னு கட்டுரையில முடிச்சிட்டீங்க. பாதிதான் சரி, அண்ணாச்சி. 1967-ல தி.மு.க. சொன்ன 'ரூபாய்க்கு மூணு படி அரிசி' எடுபட்டது பேச்சழகால மட்டுமா? அரிசித் தட்டுப்பாட்டுல கெடந்த வயித்துக்கு அது கணக்கு. 'மூணு படி லட்சியம், ஒரு படி நிச்சயம்'னு சேர்த்துச் சொன்னதுலதான் சூட்சுமமே.

திருநெல்வேலி பக்கம் முக்கூடல்ல எங்க அத்தை மடியில தட்டை வச்சு பீடி சுத்திக்கிட்டேதான் பிரச்சார வேனைக் கேப்பா. 2006-ல தி.மு.க. வேன் இலவசக் கலர் டிவி, ரெண்டு ரூவாய்க்கு ஒரு கிலோ அரிசின்னு கத்திக்கிட்டு வந்தப்பவும் கை நிக்கல. "டிவி கெடக்கட்டும் தம்பி, அந்த ரெண்டு ரூவா அரிசி கார்டுக்கு எத்தன கிலோ?"ன்னா. மைக் பிடிச்சவரு பாட்டைப் போட்டுட்டு அடுத்த தெருவுக்குப் போயிட்டாரு.

அதே அத்தை இப்ப வாட்ஸ்அப்ல வாரத அப்படியே நம்புதா. அது வேற கதை.